முதலில் யார்? – போர்க்கள வைத்தியர் லாரே

சென்ற வருடம் எங்கள் வாப்பும்மா நியூமோனியாவினால் மூச்செடுக்கச் சிரமப்பட்டு வைத்தியசாலையில் இருந்தார். வயது 78. அன்று பின்னேரம் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரேயொரு கட்டில் காலியானது. அது வாப்பும்மாவுக்குத்தான் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தபோது, வீதி விபத்தில் அகப்பட்ட ஓர் இளைஞனைக் கொண்டுவந்தார்கள். கட்டில் அவனுக்குப் போனது.

சாச்சா தனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தார். அவர்களுள் ஒருவர் வைத்தியருடன் பேசியும் இருக்கிறார். வைத்தியர் முடிவை மாற்றவில்லை. அவரே வெளியே வந்து, வாப்பும்மாவை முகமூடி மூலம் ஒட்சிசன் கொடுத்து இன்றிரவு சமாளிக்கலாம், அந்தப் பையன் இயந்திரம் இல்லாமல் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்கமாட்டான் என்று வாப்பாவிடம் விளக்கிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையில் வாப்பும்மாவுக்கும் கட்டில் கிடைத்தது. ஐந்தாம் நாள் அவர் வபாத்தானார்.

அந்த ஓர் இரவு பிந்தியதால்தான் என்று சாச்சா இன்றுவரை சொல்கிறார். அப்படித்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கும் எனக்கும் அந்த வைத்தியர்மீது கோபம்தான் இருந்தது. கோபத்தோடு இருந்த நாட்களில்தான் நூலகத்தில் மருத்துவ வரலாறு பற்றிய ஒரு புத்தகத்தைப் புரட்டும்போது டொமினிக் ஜோன் லாரே என்ற பெயரைக் கண்டேன்.

நெப்போலியனை நாங்கள் எல்லோரும் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். அவருடைய படையின் தலைமைச் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்தவர் லாரே. 1766ஆம் ஆண்டு பிரான்சின் தெற்கே, பிரெனீஸ் மலையடிவாரக் கிராமமொன்றில், சப்பாத்துத் தைப்பவரின் மகனாகப் பிறந்தார். 13 வயதில் தந்தையை இழந்தார். துலூஸ் நகரில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்த, தந்தையின் சகோதரர் ஒருவரே அவரை வளர்த்துத் தொழிலையும் கற்றுக்கொடுத்தார். பின்னர் பரிசில் படிப்பைத் தொடர்ந்தார். இடையில் கப்பல் வைத்தியராகவும் போய், கடல் ஒத்துவராமல் திரும்பிவிட்டார்.

1792இல் அவர் ரைன் நதிப் பக்கம் போரிட்ட படையில் சேர்ந்தபோது அங்கிருந்த வழமை பயங்கரமானது. வைத்திய வண்டிகள் படைக்கு நான்கைந்து கிலோமீற்றர் பின்னாலேயே நிற்க வேண்டும். போர் ஓய்ந்த பிறகே காயப்பட்டவர்களைத் தேடிப் போவார்கள். ஒரு நாள் முழுவதும் இரத்தம் சிந்தியபடி கிடந்து பலர் அங்கேயே இறந்துபோனார்கள். எடுத்து வந்த பிறகும் அதிகாரிகளுக்கே முன்னுரிமை. சாதாரண சிப்பாய் காத்திருக்க வேண்டும்.

குதிரைகள் இழுக்கும் இலகுவான பீரங்கிகள் களத்தில் பாய்ந்தோடுவதை லாரே பார்த்தார். பீரங்கிக்கு முடியுமென்றால் காயப்பட்டவனுக்கு ஏன் முடியாது என்று அவருக்குத் தோன்றியது. இரண்டு குதிரைகள் பூட்டிய, அதிர்ச்சி தாங்கும் வில்கள் பொருத்திய சிறு வண்டிகளை அமைத்தார். பறக்கும் அம்புலன்ஸ் என்று அவற்றுக்குப் பெயர். இன்று வீதியில் ஒலியெழுப்பிச் செல்லும் அம்புலன்ஸின் மூதாதை அதுதான். எகிப்தில் மணலில் வண்டி ஓடாது என்று கண்டதும் ஒட்டகங்களின் இருபுறமும் பெட்டிகளைக் கட்டிக் காயப்பட்டவர்களைச் சுமக்கச் செய்தார்.

ஆனால் வண்டியைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அவர் வகுத்த ஒழுங்கு. மிக ஆபத்தான காயத்துடன் இருப்பவரே முதலில். பதவியும் பட்டமும் பார்க்கப்படாது. சிறிய காயக்காரர், தளபதியாகவே இருந்தாலும், தன் முறை வரும்வரை இருக்க வேண்டும். எதிரிப் படையினருக்கும் அவர் இதே கவனிப்பைக் கொடுத்தார். விபத்துப் பிரிவுகளில் நோயாளிகளைத் தரம் பிரிக்கும் ட்ரியாஜ் முறை அந்த ஒழுங்கின் வழிவந்ததே. ஒரே கட்டிலுக்கு இருவர் இருக்கும்போது இன்றைய வைத்தியர்கள் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறார்கள்: இந்தச் சிகிச்சையால் எவர் மீண்டு வரக்கூடும் என்று. அது லாரேயின் கேள்வியைவிடக் கடினமானது என்றே எனக்குப் படுகிறது.

இங்கே ஒரு விடயத்தை மறைக்க முடியாது. லாரே சேவை செய்த அதே படைதான் 1799 மார்ச்சில் பலஸ்தீனத்தின் யாஃபா நகரைக் கைப்பற்றி, சரணடைந்த ஆயிரக்கணக்கானோரைக் கடற்கரையில் வைத்துக் கொன்றது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிடலாம் என்றிருந்தது. தொடர்ந்து படித்ததற்குக் காரணம், அதே வருடத்தில் நடந்த இன்னொரு சம்பவம். படைக்குள் கொள்ளைநோய் பரவியிருந்தது. பின்வாங்கும்போது, தூக்கிச் செல்ல முடியாத நோயாளிகளுக்கு அபினை அதிகமாகக் கொடுத்து முடித்துவிடலாமே என்று நெப்போலியன் கேட்டார். படையின் தலைமை மருத்துவர் தெஜனெத், உயிரைக் காப்பதே தன் கடமையென்று மறுத்துவிட்டார். தொலைபேசியில் வரும் பெரிய மனிதரைவிட எவ்வளவோ பெரிய ஒருவரின் முகத்துக்கு நேரே சொன்ன மறுப்பு அது.

லாரேக்கும் அப்படியொரு நாள் வந்தது. 1813இல் ஜேர்மனியில் நடந்த போர்களின் பின் ஏராளமான இளம் சிப்பாய்கள் கையிலும் விரலிலும் காயத்துடன் இருந்தனர். போருக்குப் பயந்து தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார்கள் என்று தளபதிகள் குற்றஞ்சாட்டினர். நிரூபணமானால் மரணதண்டனை. விசாரணைப் பொறுப்பு லாரேயிடம் வந்தது. தனக்கு என்ன விடை தேவை என்பதை நெப்போலியன் மறைக்கவுமில்லை. லாரே 2,600க்கும் மேற்பட்டவர்களின் காயங்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். பயிற்சியில்லாத பையன்கள் வரிசைகளாக நின்று சுடும்போது, பின்வரிசையின் துப்பாக்கி முன்வரிசையின் கையைக் காயப்படுத்துகிறது என்று கண்டார். ஒருவர்மீதும் குற்றமில்லை என்று அறிக்கை கொடுத்தார். முதலில் சினந்த நெப்போலியன், பிறகு அவருக்கு ஓய்வூதியம் வழங்கிக் கௌரவித்தார்.

1809இல் டானூப் நதியின் லோபாவ் தீவில் காயப்பட்டவர்களுக்கு உணவில்லாமல் போனபோது, குதிரைகளை அறுத்து, வீரர்களின் மார்புக் கவசங்களையே சட்டிகளாக்கிச் சூப் காய்ச்சினார். உப்புக்குப் பதில் வெடிமருந்து. அதிகாரிகளின் குதிரைகளும் தப்பவில்லை.

அதே நாட்களில்தான் மார்ஷல் லான் என்பவரைக் கொண்டுவந்தார்கள். எகிப்துக் காலத்திலிருந்தே லாரேக்கு நெருங்கிய நண்பர். குண்டு பட்டு முழங்கால் சிதைந்திருந்தது. காலை அகற்றுவதா, விட்டுப் பார்ப்பதா? கூட இருந்த வைத்தியர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. லாரே அகற்றினார். மயக்கமருந்து இல்லாத காலம். ஒன்பதாம் நாள் லான் இறந்துபோனார். தன் வாழ்வின் மிகக் கடினமான தருணங்களில் ஒன்றென்று லாரே பின்னர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். இந்த இடத்தைப் படித்த இரவு, வெளியே வந்து வாப்பாவிடம் பேசிய அந்த வைத்தியரின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் இளையவர். கண்கள் சிவந்திருந்தன. நித்திரையில்லாததால் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ரஷ்யப் படையெடுப்பில் லாரே ஒரே நாளில் சுமார் 200 பேருக்கு அவயவங்களை அகற்றினார். திரும்பும் வழியில் பெரெசினா ஆற்றுப் பாலத்தில் நெரிசலில் சிக்கியபோது, சிப்பாய்கள் அவரை அடையாளம் கண்டு தலைக்கு மேலாகக் கைமாற்றி அக்கரை சேர்த்தார்கள். பதவி பார்க்காதவருக்கு அவர்கள் கொடுத்த முன்னுரிமை!

1815இல் வாட்டர்லூவில் பிரஷ்யரிடம் பிடிபட்டார். சுட்டுக்கொல்ல உத்தரவு பிறந்துவிட்டது. முன்பு பெர்லினில் அவருடைய விரிவுரையைக் கேட்டிருந்த ஒரு வைத்தியர் அவரை அடையாளம் கண்டு, தளபதி ப்ளூகரிடம் கொண்டுசென்றார். ப்ளூகரின் மகன் ஒரு காலத்தில் காயப்பட்டுப் பிரெஞ்சுக்காரரிடம் கைதியானபோது உயிர் காத்தவர் இதே லாரே. விடுதலை கிடைத்தது. நெப்போலியன் தன் மரண சாசனத்தில் லாரேக்கு 100,000 பிராங் எழுதிவைத்தார்.

76 வயதிலும் அவர் சும்மா இருக்கவில்லை. அல்ஜீரியாவின் இராணுவ வைத்தியசாலைகளைப் பார்வையிட்டுத் திரும்பும் வழியில், 1842 ஜூலை 25ஆம் திகதி லியோன் நகரில் காலமானார். வீட்டில் அவருடைய மனைவி, ஓவியர் எலிசபெத், மூன்று நாட்களுக்கு முன்னரே இறந்திருந்தார்.

வாப்பும்மாவின் கடதாசிகளை எடுக்க ஒருநாள் வாப்பா வைத்தியசாலைக்குப் போயிருந்தார். அந்த இளைஞன் இரண்டு ஊன்றுகோல்களுடன், அவனுடைய உம்மாவின் தோளைப் பிடித்தபடி, வெளியே நடந்துபோவதைக் கண்டாராம். வீட்டுக்கு வந்து எனக்கும் உம்மாவுக்கும் மட்டும் சொன்னார். சாச்சாவிடம் இன்னும் சொல்லவில்லை.