கற்பனை எங்கிருந்து வருகிறது? – கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் வாழ்க்கை

எமது ஆலயத்தின் ஆண்டு மலருக்கு அட்டைப்படம் வரையும் பொறுப்பு வருடந்தோறும் யாராவது ஓர் இளம்பிள்ளையின் தலையில் விழும். இம்முறை அது எம் வீட்டுப் பிள்ளையின் முறை. மூன்று இரவு கணினிக்கு முன்னால் இருந்தும் ஒன்றும் வரவில்லை என்று சலித்துக்கொண்டாள். சொன்னதை ஒரு நொடியில் படமாக்கித் தரும் மென்பொருள்கள் இப்போது உண்டு அல்லவா? அதையும் முயன்று பார்த்தாள். பத்து முருகன் படங்கள் வந்தன. பத்திலும் வேல் பளபளத்தது. ஒன்றுகூட அவளுக்குப் பிடிக்கவில்லை. கற்பனை எங்கிருந்து வருகிறது என்று கடைசியில் எம்மிடம் கேட்டாள்.

கணக்காளரிடம் கேட்கும் கேள்வியா இது? பரீட்சை மீதி சமப்படாவிட்டால் பிழையை எங்கே தேடுவது என்று எமக்குத் தெரியும். படம் வராவிட்டால் எங்கே தேடுவது என்று தெரியாது. வேறொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பல்கலைக்கழகத்தில் வரைகலை படிக்கப் போவதாக அவள் சொன்ன நாளிலிருந்து எம் வீட்டில் அமைதி இல்லை. அகதியாக வந்து, இரவில் வேலை, பகலில் பரீட்சை என்று இத்தொழிலுக்கு வந்து சேர்ந்தவர்கள் நாம். சம்பளம் உறுதியில்லாத படிப்பு என்றால் எமக்குப் பயம். அந்தப் பயத்தோடுதான் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் வரலாற்றை மீண்டும் எடுத்து வாசித்தோம். இந்தக் கேள்விக்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்த எம்மவர் அவர்.

பிறப்பும் படிப்பும்

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி புகழ்பெற்ற வழக்கறிஞர், இலங்கைச் சட்டநிரூபண சபை உறுப்பினர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரியின் பிள்ளைகள். தாயார் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தைச் சேர்ந்த ஆங்கிலப் பெண்மணி.

குழந்தை தவழும் வயதைத் தாண்டுமுன்னரே தாயும் மகனும் இங்கிலாந்துக்கு வந்துவிட்டனர். பின்னால் வந்து சேர இருந்த தந்தை 1879இல் கொழும்பில் காலமானார். தந்தை முகம் நினைவில்லாமலே ஆனந்தர் ஆங்கில நாட்டுப் பிள்ளையாக வளர்ந்தார். குளொஸ்ரர்ஷயரிலுள்ள விக்ளிஃப் கல்லூரியிலும், பின்னர் லண்டன் யுனிவர்சிற்றி கொலிஜிலும் படித்து, 1900இல் தாவரவியலிலும் புவியியற் கற்களைப் பற்றிய நிலவியலிலும் சிறப்புப் பட்டம் பெற்றார். கலை அவர் படித்த பாடம் அன்று. கலைக்கும் அவருக்கும் தொடர்பு ஏற்பட்ட விதம் வேறு.

கற்களைத் தேடப் போனவர்

1903இல், இருபத்தைந்து வயதில், இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக ஆனந்தர் நியமிக்கப்பட்டார். அந்த வேலையில் அவர் குறை வைக்கவில்லை. 1904இல் தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருளை இனங்கண்டார். நிலவியல் ஆய்வுக்காக 1906இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

ஆனால் கற்களைத் தேடிக் கண்டிப் பகுதிக் கிராமங்களில் ஊர் ஊராக நடந்தவரின் கண்ணில் வேறொன்றும் பட்டது. பாய் இழைப்போர், குயவர், தச்சர், பித்தளை வேலைக்காரர், விகாரைச் சுவரில் சித்திரம் தீட்டுவோர் ஆகியோரைக் கண்டார். அவர்களுடைய கைவேலையின் அழகையும், கப்பலில் வந்திறங்கிய மலிவுச் சாமான்களின் முன் அது அழிந்துகொண்டிருப்பதையும் ஒருங்கே கண்டார். அன்றைய மனைவி எதெல் புகைப்படங்கள் எடுக்க, ஆனந்தர் குறிப்பெழுதினார். எந்தக் கருவி, எந்த மரம், எந்த மண், எந்தச் சாயம், யாரிடம் பழகினாய், எதற்காகச் செய்கிறாய் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். பழைய கட்டடங்களையும் கைத்தொழில்களையும் காக்கும்படி 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதமும் எழுதினார்.

ஒரு தமிழரின் மகன் சிங்களக் கைவினைஞரின் திறமையை உலகுக்கு எடுத்துச் சொல்ல இவ்வளவு பாடுபட்டார். எம் காலத்து வடுக்களோடு இதை வாசிக்கும்போது மனம் சற்றுத் தயங்கத்தான் செய்கிறது. ஆயினும் தச்சனின் உளிக்கு முன்னால் அமர்ந்தபோது அவர் அவன் எந்த இனத்தவன் என்று பார்க்கவில்லை. அவன் கை எங்கிருந்து கற்றது என்றே பார்த்தார்.

மொரிஸின் அச்சு இயந்திரம்

1907இல் இங்கிலாந்துக்குத் திரும்பிய ஆனந்தர் குளொஸ்ரர்ஷயரில், பிரோட் கம்டன் என்ற ஊரில் குடியேறினார். இங்கே அவருடைய கதை எமது கிழக்கு லண்டனோடு வந்து சேருகிறது.

வோல்தம்ஸ்ரோவில் 1834இல் பிறந்தவர் வில்லியம் மொரிஸ். இயந்திரங்கள் பெருகிய காலத்தில், கையால் செய்யும் வேலைக்கு மதிப்பைத் திரும்பப் பெற்றுத் தர முனைந்தவர். துணி, சுவர்த்தாள், நூல் அச்சு என எல்லாவற்றிலும் அழகைத் தேடிய அவர், 1891இல் கெல்ம்ஸ்கொட் என்ற அச்சகத்தைத் தொடங்கினார். அவர் வழியில் வந்த சி. ஆர். ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர் 1888இல் வைற்சப்பலில் கைவினைஞர் சங்கமொன்றை நிறுவினார். பின்னர் அது மைல் எண்ட் வீதிக்கு மாறியது. ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ரிக்ற் ரயிலில் ஆறாவது நிலையம் மைல் எண்ட் என்பது வாசகர் அறிந்ததே. மொரிஸ் மறைந்து கெல்ம்ஸ்கொட் அச்சகம் மூடப்பட்டபோது அதன் அச்சு இயந்திரங்கள் ஆஷ்பியிடம் வந்தன. 1902இல் கிழக்கு லண்டன் தொழிலாளர் குடும்பங்களோடு அவர் சிப்பிங் கம்டனுக்கு இடம்பெயர்ந்தபோது அவையும் கூடச் சென்றன.

அந்த இயந்திரத்திலேயே, தம் மேற்பார்வையில், ஏறக்குறைய 15 மாதங்கள் செலவிட்டு ஆனந்தர் தமது நூலை அச்சிட்டார். 1908இல் வெளிவந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் அந்நூலில் மொத்தம் 425 பிரதிகளே அச்சிடப்பட்டன. புதிதாய்ச் செய்யப்பட்ட திருவுருவத்துக்குக் கண் திறக்கும் சடங்கையும் அதில் விவரித்திருக்கிறார். எமது ஆலயங்களிலும் கும்பாபிஷேகத்துக்கு முன் நிகழும் சடங்குதானே அது! அந்தக் கணம் வரை அது சிற்பியின் வேலை. அதன் பின் அது வழிபடும் திருவுருவம். சிற்பியின் பெயர் அங்கே எழுதப்படுவதில்லை.

தியானமும் உளியும்

1910இல் லண்டனில் கலைச் சங்கமொன்றின் கூட்டத்தில், இந்தியாவில் உயர்ந்த கலையே இல்லை என்று வாதிட்ட ஓர் ஆங்கிலேய அறிஞர், புத்தர் திருவுருவத்தை அவித்த கொழுப்புக் களிக்கு ஒப்பிட்டுப் பேசினார். இதை மறுக்க எழுந்தவர்கள் அதே ஆண்டில் இந்தியா சங்கத்தை நிறுவினர். ஆனந்தரும் அவர்களில் ஒருவர்.

கோபத்தோடு நில்லாமல், எம்முடைய சிற்பி எப்படிச் சிந்திக்கிறான் என்பதை ஆராய்ந்து காட்டுவதே சரியான பதில் என்று ஆனந்தர் எண்ணினார். சிற்ப நூல்களையும் தியான சுலோகங்களையும் பல ஆண்டுகள் ஆராய்ந்து அவர் கண்ட முறை இது. சிற்பி முதலில் நீராடித் தூய்மையாகி, சந்தடியில்லாத இடத்தில் அமர்கிறான். செய்யவேண்டிய மூர்த்திக்குரிய தியான சுலோகத்தை மனத்தில் ஓதுகிறான். எத்தனை கரங்கள், எந்தக் கரத்தில் எந்த ஆயுதம், என்ன நிறம், எந்த ஆசனம் எல்லாம் அதில் உண்டு. அந்த வடிவம் மனக்கண்ணில் அசையாமல் நிற்கும் வரை காத்திருக்கிறான். தானும் அதுவும் வேறல்ல என்ற நிலை வந்த பிறகே உளியை எடுக்கிறான். அதாவது, கல்லில் கை வைக்குமுன்னரே சிலை முடிந்துவிடுகிறது.

குருக்கள் பூசையின் தொடக்கத்தில் கைகூப்பி ஓதுவதும் தியான சுலோகமே. வழிபடுவோன் உள்ளே காண்பதற்காக ஓதுகிறான். சிற்பி வெளியே செய்வதற்காக ஓதுகிறான். வருடக்கணக்கில் மண்டபத்தில் நின்று இதைக் கேட்டிருக்கிறோம். படம் வரையும் பிள்ளைக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று எமக்குத் தோன்றியதே இல்லை.

ஆனந்தரின் முடிவைச் சுருக்கினால் இவ்வாறு சொல்லலாம். கற்பனை என்பது சிலருக்கு மட்டும் வானத்திலிருந்து விழும் வரம் என்று அவர் ஏற்கவில்லை. கலைஞர் என்று தனிச் சாதி ஒன்று இல்லை. தன் வேலையை அறிந்து, அன்போடு செய்யும் ஒவ்வொருவரும் தத்தம் வகையில் கலைஞரே. புதுமையாக இருக்கவேண்டும் என்று தவித்தால் புதுமை வராது. இது யாருக்கு, எதற்கு என்பதை முதலில் அறியவேண்டும். முன்னோர் அதை எப்படிச் செய்தார்கள் என்று கற்கவேண்டும். பிறகு மனம் ஒருமித்து அதுவாகவே இருக்கவேண்டும். இவை மூன்றும் கூடிய இடத்தில் வடிவம் தானே வரும்.

நடராசரும் பொஸ்ரனும்

இம்முறையில் அவர் கண்ட மிகப் பெரிய காட்சி நடராசத் திருவுருவம். 1912இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'சித்தாந்த தீபிகை' என்ற ஆங்கிலச் சைவ இதழில் சிவ நடனம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய தமிழ்ச் சைவ நூல்களைத் துணைகொண்டு, உடுக்கை படைத்தலையும், அபயகரம் காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிப்பதை மேல்நாட்டாருக்கு விளக்கினார். பல கைகள் கொண்ட விசித்திரப் பொம்மை என்று பார்த்தவர்கள் அதன் பின்னர் வேறு கண்ணோடு பார்த்தனர். 1918இல் அக்கட்டுரையின் பெயரிலேயே நூலொன்று அமெரிக்காவில் வெளிவந்தது. 2004இல் இந்திய அரசு ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுநிலையத்துக்கு வழங்கிய நடராசர் சிலையின் அருகே உள்ள பலகையில் ஆனந்தரின் சொற்களே பொறிக்கப்பட்டுள்ளன.

முதல் உலகப் போரில், இந்தியாவுக்கு விடுதலை கொடாத அரசுக்காகப் போரிட முடியாது என்று நின்ற ஆனந்தர் 1917இல் அமெரிக்கா சென்று, பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பகுதியின் காப்பாளரானார். அவர் சேர்த்த ஓவியங்களும் சிற்பங்களும் அங்கேயே சேர்ந்தன. முப்பது ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். கண்ணாடிப் பேழைகளின் நடுவே வாழ்ந்தவர் என்றாலும், அவையெல்லாம் பேழைக்காகச் செய்யப்பட்டவையல்ல என்பதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் பீடத்தில் துளைகளும் வளையங்களும் உண்டு. கோல்கள் கொடுத்துத் தோளில் சுமந்து வீதியுலா கொண்டுபோவதற்கான ஏற்பாடு அது. ஈஸ்ட் ஹாம் வீதியில் தேரோடும் நாளில் வடம் பிடித்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

குறைகள் இல்லாதவர் என்று சொல்லமாட்டோம். தந்தை விட்டுச் சென்ற செல்வம் இருந்தபடியால் விரும்பிய வழியில் போக அவரால் முடிந்தது. பரம்பரைத் தொழில்முறையைப் போற்றும் வேகத்தில் சாதி அமைப்பின் கொடுமையைக் குறைத்தே பார்த்தார். அதை நாம் ஏற்கமுடியாது. நான்கு மணங்கள் செய்தவர். 1920இல் மகன் ஒருவனைக் கப்பல் விபத்தில் பறிகொடுத்தவர். இந்தியா விடுதலை பெற்ற அடுத்த வாரத்தில் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. வேலையிலிருந்து ஓய்ந்து இந்தியா சென்று தவவாழ்வு வாழப்போவதாக அன்று அறிவித்தார். மூன்று வாரங்கள் கழியுமுன், 1947 செப்டெம்பர் 9ஆம் நாள், பொஸ்ரனுக்கு அருகே நீடம் என்ற ஊரில் காலமானார். திரும்பிப் போகவேண்டும் என்று எண்ணி எண்ணி, போகாமலே கண்மூடிய எம் பெற்றோர் பலரை இது நினைவூட்டும்.

எம் வீட்டில் நடந்தது

இந்த வரலாற்றை எமக்குத் தெரிந்த அளவில் மகளுக்குச் சொன்னோம். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஆலயத்துக்கு வந்தபோது, மலரை யார் வாங்குகிறார்கள், வாங்கி எங்கே வைக்கிறார்கள் என்று வயதான அம்மாமாரிடம் கேட்டுக்கொண்டு திரிந்தாள். பலர் சுவாமி அறையில் வைப்பதாகச் சொன்னார்களாம். கொடியேற்றத்துக்கு முதல் நாள் இரவு, மண்டபத்தின் மூலையில் தென்னங்குருத்துத் தோரணம் பின்னும் மாமாமாருடன் இருந்து, தானும் இரண்டு பின்னப் பழகினாள். ஒன்று அவிழ்ந்து போயிற்று.

இம்முறை அட்டையில் நீங்கள் காணும் தோரணம் அதுதான். முருகன் அதில் இல்லையே என்று சிலர் கேட்கக்கூடும். தோரணத்துக்குக் கீழே வாசல் திறந்திருக்கிறது, உள்ளே இருக்கிறார் என்கிறாள் அவள்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தை அனுப்புமுன் எம்மிடம் காட்டினாள். எம் கையெழுத்து அதற்குத் தேவையில்லை, ஆயினும் காட்டினாள். வரைகலை என்றே போட்டிருந்தது. எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்திக் கொடுத்தோம். பயம் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனாலும், நிலவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர் கிராமத்துத் தச்சனிடம் போய்க் கேள்வி கேட்டு உட்கார்ந்ததை வாசித்த பின், தெரியாத தொழிலை வீண் தொழில் என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை.

வோல்தம்ஸ்ரோவில் மொரிஸ் இளமையில் வாழ்ந்த வீடு 1950 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. படம் வரையும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், ஒரு நாள் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன், எமது ஆலயத்துத் தூண்களையும் வாகனங்களையும் ஒருமுறை நின்று பார்க்கச் சொல்லுங்கள். கூடவே நீங்களும் நின்று பாருங்கள்.