ஆறுமுகநாவலரும் வித்தியாதருமமும்

கம்பம் பள்ளத்தாக்கிலே பண்ணைப்புரம் முதலிய ஊர்களிலுள்ள சைவ அன்பர்கள் நம்மோடு அளவளாவும்போது ஒரு வினாவை எழுப்புவதுண்டு. பிள்ளைகட்குச் சமயக்கல்வி வேண்டும் என்பதில் அவர்க்கு ஐயமில்லை. அதனை நடத்தும் பொருள் எங்கிருந்து வரும் என்பதே அவ்வினா. அதற்கு யாம் ஒரு சரித்திரத்தையே விடையாகச் சொல்லக் கருதினோம்.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் யாழ்ப்பாணத்து நல்லூரிலே கந்தப்பிள்ளை என்பவருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மைந்தராய் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆம் நாள் அவதரித்தார். தமிழை இருபாலைச் சேனாதிராய முதலியார், சரவணமுத்துப் புலவர் என்னும் வித்துவான்களிடத்தும், ஆங்கிலத்தை யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலும் கற்றார். அப்பாடசாலைத் தலைவராகிய பீட்டர் பெர்சிவல் பாதிரியார் அவரது திறமையை உணர்ந்து அங்கேயே ஆசிரியராக்கினார். விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் பணியிலும் துணையாகக் கொண்டார். சைவ நியமம் வழுவாமலே நாவலர் இவ்வூழியத்தைச் செய்தனர். இதனைக் குறையாகக் கூறுவாருளர். யாம் அவ்வாறு கருதிலேம். வகுப்பு வகுத்துக் கற்பித்தலும், படிமுறையாகப் பாடநூல் அமைத்தலும், அச்சுநூலைப் பிள்ளைகள் கையிற் கொடுத்தலும் எத்துணை வலிமையுடையன என்பதை அவர் அறிந்த இடம் அதுவே. நம்மவர் பிள்ளைகள் பிறசமயப் பாடசாலைகளை நாடுவது கல்வி வேட்கையினாலன்றிச் சமய வெறுப்பினாலன்று என்பதையும் அவர் அங்கேதான் கண்டுகொண்டார்.

1847-ஆம் ஆண்டின் இறுதி நாளிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். மறு ஆண்டிலே, தமது இருபத்தாறாம் பிராயத்தில், மிஷன் உத்தியோகத்தை முற்றத் துறந்து, அவ்வண்ணார்பண்ணையிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மாணாக்கரிடத்துச் சம்பளம் பெறுவதில்லை. தாமும் வேதனம் கொள்வதில்லை. இல்லறத்தையும் மேற்கொண்டிலர்.

1849-ஆம் ஆண்டு அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுத் தமிழ்நாடு போந்தபோது, திருவாவடுதுறை ஆதீனத்திலே அவர் செய்த பிரசங்கத்தைக் கேட்டு மகிழ்ந்து, நாவலர் என்னும் பட்டம் அங்கே சூட்டப்பெற்றது. மடாலயம் ஒரு பள்ளியாசிரியரைக் கௌரவித்த நாள் அது என்பதை நம் மடங்களைச் சார்ந்தோர் மறவாதிருப்பாராக. அவ்வியந்திரத்தினின்றே பாலபாடங்களும், சைவ வினாவிடையும், 1852-இல் பெரியபுராண வசனமும் வெளிப்பட்டன. பதம் பிரித்து, நிறுத்தக்குறி இட்டு, சிறுவரும் தடையின்றி வாசிக்கத்தக்க வசனநடையை அவர் கைக்கொண்டது பாடசாலையின் தேவையினால் என்றே யாம் துணிகின்றோம்.

இனி அன்பர்களது வினாவுக்கு வருவோம். வித்தியாசாலைச் செலவுக்கு அவர் கண்ட வழிகளுள் ஒன்று பிடியரிசி. சமைக்கப் புகும் பெண்மணி உலையிலிடும் அரிசியினின்று ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பாள். வித்தியாசாலையைச் சார்ந்தோர் வீடுதோறுஞ் சென்று அதனைச் சேர்ப்பர். எழுத்தறியாத தாயும் இவ்வாறு பாடசாலைக்கு உரிமையுடையவளாயினாள். திருவிழாவுக்கும் வாணவேடிக்கைக்கும் வரையாது வழங்கிய தனவந்தரோ கல்விக்கு அவ்வாறு வழங்கினாரல்லர். இக்குறையை நாவலர் தம் எழுத்துக்களில் அஞ்சாது கடிந்திருக்கின்றார்.

1864-இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றிற்று. 1872-இல், ஆங்கிலம் வேண்டுவோர் சமயத்தை இழவாது கற்கும்படி, வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலையை ஏற்படுத்தினார். அதுவோ பொருள் முட்டுப்பாட்டினால் நான்கே ஆண்டுகளில் மூடப்பட்டது. ஆங்கிலக் கல்விக்கு வேண்டும் பெருஞ்செலவைப் பிடியரிசி தாங்காது; தாங்கவல்லார் முன்வந்திலர். யாழ்ப்பாணத்துச் சைவர் அக்குறையை நிறைக்க 1890-ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட காலத்துப் பிள்ளைகள் சென்ற இடம் யாதென்று சொல்லவேண்டுவதில்லை.

மற்றொன்றையும் மறைத்தல் தகாது. சாதியாசாரத்தில் நாவலர் கொண்ட பிடிப்பு இறுகியது. ஒதுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கு அவர் ஏற்றிய விளக்கின் ஒளி எட்டவில்லை. திருநாளைப்போவார் சரித்திரத்தை அத்துணை அழகிய வசனமாக்கிய கை அதுவே என்பதை நினைக்குந்தோறும் எம் நெஞ்சம் வருந்துகின்றது. அவர்பால் எமக்குள்ள பக்தி இவ்வருத்தத்தைப் போக்கவில்லை.

பஞ்சகாலத்திலே, 1877-ஆம் ஆண்டை ஒட்டி, ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கும் பணியிலும் அவர் உழைத்தார். 1879-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5-ஆம் நாள் சிவபதம் எய்தினார். அவர் மாணாக்கராகிய சதாசிவப்பிள்ளை வித்தியாசாலைகளையும் அச்சுக்கூடத்தையும் ஏற்று நடத்தினார். சிதம்பரத்திலே நாவலர் பெயரால் மேனிலைப்பள்ளி இன்றும் நடைபெறுகின்றது.