ஹெட்டருக்குள் ஒரு தாடிக்காரர்

நெட்வொர்க்ஸ் பேப்பர்ல ஐ.பி. ஹெட்டர் படம் வரையாம பாஸ் பண்ணவங்க நம்மில் எத்தனை பேர்? வெர்ஷன் 4 பிட், டி.டி.எல். 8 பிட், முகவரி 32 பிட்னு கட்டம் கட்டமா மனப்பாடம் பண்ணியிருப்போம். அந்தக் கட்டங்களை ஆவணமாகத் தொகுத்து வெளியிட்டவர் பெயரை மட்டும் எந்தக் கேள்வித்தாளும் கேட்பதில்லை. அவர் ஜான் போஸ்டல்.

1943 ஆகஸ்ட் 6 அன்று கலிஃபோர்னியாவில் பிறந்தார். நீளத் தாடி, காலில் செருப்பு, லீவு கிடைத்தால் மலையேற்றம். யு.சி.எல்.ஏ.வில் அவர் மாணவராக இருந்தபோதுதான், 1969-ல், அர்பாநெட்டின் முதல் கணு அங்கே வந்தது. கூடப் படித்த ஸ்டீவ் க்ராக்கர் ஆர்.எஃப்.சி. என்ற குறிப்பு வரிசையைத் தொடங்கினார். அதைத் தொகுக்கும் பொறுப்பு போஸ்டலிடம் வந்தது. சாகும்வரை அதை அவர் விடவே இல்லை.

1974-ல் முனைவர் பட்டம். அதே வருஷம் டிசம்பரில் ஜேம்ஸ் வைட்டுடன் சேர்ந்து ஆர்.எஃப்.சி. 674-ஐ எழுதினார். ஒரு மெஷினில் ஓடும் ப்ரோக்ராம், இன்னொரு மெஷினில் இருக்கும் ஃபங்ஷனை எப்படி அழைப்பது என்பதுதான் விஷயம். இன்னைக்கு நாம ஆர்.பி.சி.னு படிக்கிறதோட ஆரம்ப வடிவங்களில் அதுவும் ஒண்ணு. ஒரே மெஷின்னா ஸ்டாக் பார்த்துக்கும். நடுவில் வயர் வந்துட்டா? எந்த ஃபங்ஷன், எந்த வெர்ஷன், இந்தப் பதில் எந்தக் கேள்விக்கு, எல்லாத்தையும் மெசேஜே சுமந்துட்டுப் போகணும். அதுக்குத்தான் ஹெட்டர்.

ஒரு ஹெட்டர் ஒரு வேலையை மட்டும் செய்யணும் என்பதில் போஸ்டல் பிடிவாதக்காரர். அப்போது டி.சி.பி. ஒன்றே வழிகாட்டுதல், பத்திரமாகச் சேர்ப்பது இரண்டையும் செய்துகொண்டிருந்தது. 1977 ஆகஸ்டில், தன் சொந்தக் குழுவின் வடிவமைப்பே தப்பு என்று குறிப்பு எழுதினார். தபால்காரருக்கு உறைமேல் இருக்கும் முகவரி போதும், உள்ளே இருக்கும் கடிதம் எதுக்கு? அடுத்த வருஷமே டி.சி.பி.யும் ஐ.பி.யும் தனித்தனியாகப் பிரிந்தன.

பிரித்ததால் இன்னொரு வழியும் திறந்தது. 1980-ல் அவர் வெளியிட்ட யு.டி.பி. ஆவணம் மூன்றே பக்கம். ஹெட்டரில் நான்கு புலங்கள், மொத்தம் 8 பைட். போய்ச் சேரும் என்ற உத்தரவாதம் கிடையாது. சன் நிறுவனத்தின் ஆர்.பி.சி. அதன்மேலும் ஓடியது. பாக்கெட் தொலையலாம், இரண்டு தடவை வரலாம். அதனால் அதன் ஹெட்டரில் முதல் புலமே, பதிலைக் கேள்வியோடு பொருத்தும் பரிவர்த்தனை எண். பிறகு அழைப்பா பதிலா, ஆர்.பி.சி. வெர்ஷன், ப்ரோக்ராம் எண், அதன் வெர்ஷன், ப்ரொசீஜர் எண்.

புலம் இருந்தால் போதாது, அதில் போடும் எண்ணுக்கு உலகம் முழுக்க ஒரே அர்த்தம் இருக்கணும். அந்தப் பட்டியலையும் வருஷக்கணக்கா போஸ்டல்தான் ஜாய்ஸ் ரெனால்ட்ஸுடன் பராமரித்தார். சன் ஆர்.பி.சி.யின் போர்ட் 111 அதில் ஒரு வரி.

ஒரு தனி மனிதர் கையில் இவ்வளவு இருக்கலாமா? 1998 ஜனவரியில் அந்தக் கேள்வி வெடித்தது. ரூட் சர்வர்களை நடத்தியவர்களில் எட்டுப் பேரிடம், மூலக் கோப்பைத் தன் தரப்பு மெஷினிலிருந்து எடுக்கச் சொன்னார். அவர்களும் செய்தார்கள். அமெரிக்க அரசு எதிர்த்ததும், அது ஒரு சோதனைதான் என்று சொல்லி பழைய நிலைக்கே திருப்பினார். அவர் கையில் இருந்த வேலையை ஏற்க ஐகேன் என்ற அமைப்பு அதே வருஷம் உருவானது. அது முழுதாக நடைக்கு வருமுன்பே, அக்டோபர் 16 அன்று, இதய அறுவை சிகிச்சைக்குப் பின் 55 வயதில் இறந்தார்.

அவர் காலத்தில் தாராளமாகத் தெரிந்த 32 பிட் முகவரி, 2011-ல் மையக் கையிருப்பில் தீர்ந்தே போச்சு. ஆனாலும் அதே ஹெட்டரின் முதல் 4 பிட் வெர்ஷன் எண். 4-க்குப் பதில் 6 போட அங்கே இடம் இருந்தது. உங்க ப்ராஜெக்ட்ல மெசேஜ் ஹெட்டர் எழுதும்போது, முதல்ல அந்தப் புலத்தை வெச்சிடுங்க.