பேரறிஞர் பெய்ற்றன் றவுஸ்

தடிமனையும் அம்மையையும் விளைக்கும் வைரசு, புற்றுநோயையும் விளைக்குமோ? ஆம் என்று காட்டியும், ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே பெரும்பரிசு எய்தியவர் பெய்ற்றன் றவுஸ் என்னும் அமெரிக்க அறிஞர்.

1879 ஆம் ஆண்டு பால்ற்றிமோர் நகரிற் பிறந்த இவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். மருத்துவம் பயில்கையில், பிணப் பரிசோதனையில் விரலிற்பட்ட கீறல் வழியே காசநோய் தொற்றிற்று. படிப்பை நிறுத்தி, ரெக்சாஸ் மாநிலத்து மாட்டுப் பண்ணையில் உழைத்து உடல் தேறி மீண்டார்.

நியூயோர்க் றொக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் இவர் பணியாற்றிய காலத்திற் கழலையுடைய கோழியொன்று இவரிடம் கொண்டுவரப்பட்டது. அக்கழலையை அரைத்து, உடற்கலம் ஒன்றேனும் ஊடுருவவொண்ணாத வடிகட்டியில் வடித்து, அச்சாற்றை நலமுள்ள கோழிகளில் ஏற்றினார். அவற்றிலும் கழலை தோன்றிற்று. 1911 இல் இதனை வெளியிட்டார். எலிகளில் அவ்வாறு காட்ட இயலாமையால் அறிஞர் பலர் ஏற்றிலர். றவுஸ் அவ்வாய்வை விடுத்து, குருதியைக் கெடாது பேணும் முறையை ஆராய்ந்தார். முதலாம் உலகப் போரிற் காயமுற்றோர் அதனாற் பயன் பெற்றனர்.

1933 இல் நண்பர் றிச்சட் ஷோப், காட்டு முயலின் தோலிற் கொம்புபோல் வளரும் மரு வைரசினால் வருவதெனக் கண்டு, மேலாய்வை இவரிடம் ஒப்புவித்தார். அவ்வைரசு வளர்ப்பு முயலின் தோலில் விளைத்த மருக்கள் நாளடைவிற் புற்றுநோயாக மாறின. தார் பூசிய தோலில் அம்மாற்றம் விரைந்து நிகழ்ந்தது. வைரசு தனித்தன்றிப் பிற காரணங்களோடு கூடியும் தொழிற்படும் என்பது புலனாயிற்று.

1966 இல் நோபல் பரிசு பெற்றபோது இவருக்கு வயது 87. 1970 இல் மறைந்தார்.

எனினும் றவுசும் ஓரிடத்துத் தவறினார். பரம்பரையலகில் நேரும் மாற்றமே புற்றுநோய்க்கு வேர் என்னும் கொள்கையை அவர் ஏற்றிலர். பிஷப், வாமஸ் என்போரோ அவர் கண்ட கோழி வைரசைக் கொண்டே 1976 இல் அக்கொள்கைக்கு அரண் செய்தனர். பிறர் ஐயத்தால் வருந்தியவரும் பிறர் உண்மையை ஐயுறுதல் கூடும் என்பதை மாணவர் நினைவிற் கொள்வாராக.

மனிதரின் தோற் புற்றுநோய்க்குப் பெரிதும் காரணமாவது ஞாயிற்றின் கதிரே. ஆயினும் மேர்க்கெல் என்னும் அரிய வகையில் 2008 இல் ஒரு வைரசு கண்டறியப்பட்டது. மரு வைரசுகளின் பங்கும் ஆராயப்பட்டு வருகின்றது.

முயலின் மரு வைரசுக்கு இனமான ஒன்றே கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை விளைப்பது. அதனைத் தடுக்கும் ஊசி 2017 இல் இலங்கையில் ஆறாந்தர மாணவியர்க்கென அறிமுகமாயிற்று. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஊசிக்கு அஞ்சிக் கை நீட்டத் தயங்கும் சிறுமிக்கு, ஆசிரியர் இக்கோழியின் கதையைக் கூறலாம்.