கடல் ஏன் நீலம் என்று கேட்ட சி.வி. ராமனுக்கும் உங்கள் இணையத்துக்கும் என்ன தொடர்பு?

கிள்ளான் மேருவில் உட்கார்ந்துகொண்டு லண்டனில் படிக்கும் அக்காவிடம் வீடியோ அழைப்பில் பேசுகிறீர்கள். வழியில் எங்கோ ஒரு ஃபைபர் கேபிள் அறுந்துபோகிறது. ஆனாலும் பல நேரம் உங்களுக்கு அது தெரிவதே இல்லை. ஏன் தெரியுமா? அதைப் புரிந்துகொள்ள, 1970ல் மறைந்த ஒரு தமிழரின் கதைக்குப் போக வேண்டும்.

பெரிய உத்தியோகம், சின்ன சம்பளம்

சி.வி. ராமன் 1888 நவம்பர் 7 அன்று திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1907ல் எம்.ஏ. முடித்தார். அதே ஆண்டு கல்கத்தாவில் அரசு நிதித்துறை அதிகாரி வேலை கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும் வேலைதான், இல்லையா?

ராமனின் மனசு வேறு இடத்தில் இருந்தது. அலுவலகம் போகும் முன்பும், முடிந்த பிறகும் பௌபஜார் தெருவில் இருந்த ஆய்வுக்கூடமே கதி. 1917ல், சம்பளம் குறையும் என்று தெரிந்தே அரசு வேலையை விட்டு, கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

கப்பலில் வந்த கேள்வி

1921ல் இங்கிலாந்து போய்த் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் நீலம் அவரை யோசிக்க வைத்தது. வானத்தின் நிறம் தண்ணீரில் தெரிகிறது, அவ்வளவுதான் என்று அப்போது நம்பினார்கள். கப்பலிலேயே சோதித்துப் பார்த்த ராமன், தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார்.

அங்கிருந்து ஏழு ஆண்டு உழைப்பு. 1928 பிப்ரவரி 28 அன்று, மாணவர் கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து செய்த ஆய்வில் விடை உறுதியானது. சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு, மூலக்கூறுகளிடம் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வெளிவருகிறது. இதுதான் ராமன் விளைவு. 1930ல் இயற்பியல் நோபல் ராமனுக்கு மட்டும் கிடைத்தது. கிருஷ்ணனுக்கும் பங்கு கிடைத்திருக்க வேண்டாமா என்ற பேச்சு பிறகும் ஓயவில்லை.

கண்ணாடி இழைக்குள் அண்ணன், தம்பி

இப்போது ஃபைபருக்கு வருவோம். அதிகத் தகவல் அனுப்ப, ஒரே இழையில் பல அலைவரிசைகளில் ஒளியை அனுப்புகிறார்கள். 1530 முதல் 1565 நானோமீட்டர் வரை 'சி' பட்டை. அதற்கு மேல் 1625 வரை 'எல்' பட்டை.

சிக்கல் இங்கேதான். ராமன் விளைவால், குறைந்த அலைநீள ஒளி தன் ஆற்றலைக் கூடிய அலைநீள ஒளிக்குக் கொடுத்துக்கொண்டே போகும். தன் இலையிலிருந்து தம்பிக்குச் சோறு அள்ளி வைக்கும் அண்ணன் மாதிரி. ஒரு பழுதால் 'சி' பட்டை திடீரென நின்றுபோனால்? அண்ணன் வரவில்லை, தம்பி பட்டினி. நன்றாக இருக்கும் 'எல்' பட்டையின் சக்தியும் குறைந்து, அதில் போகும் தகவலும் கெடலாம்.

அதனால் பொறியாளர்கள் என்ன செய்கிறார்கள்? காலியான இடத்தில் தகவல் இல்லாத வெற்று ஒளியை உடனே நிரப்பி, மொத்த சக்தி மாறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அறுந்த கேபிளில் போன தகவலை வேறு பாதைக்குத் திருப்புகிறார்கள். புதிய பாதையிலும் ஒளி கூடுவதால், அங்குள்ள பெருக்கிகளையும் சரிசெய்ய வேண்டும். இதில் பெரும்பகுதியை மென்பொருளே கவனித்துக்கொள்கிறது.

தலைவலி தரும் அதே விளைவுதான் மருந்தும். ராமன் பெருக்கி என்ற கருவி, சுமார் 1450 நானோமீட்டர் லேசர் ஒளியை இழைக்குள் செலுத்துகிறது. அந்த ஒளி தன் ஆற்றலைக் கொடுத்து, நெடுந்தூரம் ஓடிக் களைத்த சிக்னலுக்குத் தெம்பூட்டுகிறது.

இதையெல்லாம் ராமன் பார்க்கவில்லை. நெடுந்தூரத் தகவல்தொடர்புக்கு வழிதிறந்த முதல் கண்ணாடி இழையை அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் உருவாக்கியது 1970ல். அதே ஆண்டு நவம்பர் 21 அன்று, பெங்களூரில் ராமன் கண்மூடினார்.