டொலரில் நிலைத்த முகமும் தொலைந்துபோன கல்லறையும்

அமெரிக்காவின் ஒரு டொலர் தாளில் உள்ள ஜோர்ஜ் வொஷிங்டனின் முகம், 1796 இல் கில்பேர்ட் ஸ்டுவர்ட் வரைந்த ஓவியத்தைத் தழுவியது.

1755 இல் ரோட் ஐலண்டில் பிறந்த ஸ்டுவர்ட், லண்டனில் பெஞ்சமின் வெஸ்டிடம் பயின்றார். பனித்தரையில் சறுக்கும் கனவான் ஒருவரை வரைந்து 1782 இல் காட்சிக்கு வைத்த ஓவியம் அவருக்குப் புகழ் தேடித்தந்தது. வருமானம் பெருகியது, செலவு அதனையும் மிஞ்சியது. கடன்காரர்களுக்கு அஞ்சி 1787 இல் டப்ளினுக்குச் சென்றவர், 1793 இல் தாயகம் திரும்பினார். வொஷிங்டனை வரைந்தால் கடன் தீரும் என்பது அவரது கணக்கு.

வொஷிங்டனின் மனைவி மார்த்தா கேட்டு வரைந்த அந்த ஓவியத்தை அவர் முடித்துக் கொடுக்கவேயில்லை. முகத்தை மட்டும் பூர்த்திசெய்து தன்னிடமே வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பல பிரதிகள் வரைந்து விற்றார். ஒன்றின் விலை 100 டொலர்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருவப்படங்களை வரைந்த அவர், 1828 ஜூலை 9 இல் பொஸ்டனில் கடனாளியாகவே இறந்தார். பெயர் பொறிக்கப்படாத கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். பின்னர் வசதி திரும்பிய குடும்பத்தினர் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுசெல்ல விரும்பியபோது, புதைத்த இடம் எவருக்கும் நினைவில் இல்லை.

முடிக்கப்படாத அந்த ஓவியமோ இன்று வொஷிங்டனிலுள்ள தேசிய உருவப்படக் கூடத்துக்கும் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கும் பொதுவான சொத்து.