குதிரை கேட்ட சிறுமிக்கு மட்டை கிடைத்தது!

(டென்னிஸ் வீராங்கனை மௌரீன் கானலியின் வாழ்க்கை)



டென்னிஸ் என்றதும் நமக்குச் சானியா மிர்சா ஞாபகம் வரும். செரீனா வில்லியம்ஸ் பெயரையும் கேட்டிருப்போம். அவர்களுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு குட்டிப் பெண் டென்னிஸ் உலகத்தை ஒரு கலக்கு கலக்கினார். அவர்தான் மௌரீன் கானலி. அவர் பெரிய போட்டியில் ஜெயிக்க ஆரம்பித்தபோது நம்ம வயசுதான். ஆட்டம் நின்றபோது வயது 19. இறந்தபோது 34. இந்தச் சின்ன வாழ்க்கைக்குள் எவ்வளவு நடந்திருக்கிறது என்று பாருங்க.

பிறப்பும் ஆசையும்

மௌரீன் 1934 செப்டம்பர் 17-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் சான் டியாகோ நகரில் பிறந்தார். அது கடற்படைக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுக ஊர். அவர் சின்னக் குழந்தையாக இருந்தபோதே அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். அம்மாதான் வளர்த்தார். மௌரீனுக்குக் குதிரை என்றால் உயிர். குதிரை ஏறக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். ஆனால் அதற்கு நிறைய பணம் வேண்டும். வீட்டில் வசதி இல்லை.

வீட்டுப் பக்கத்தில் நகராட்சியின் டென்னிஸ் மைதானம் இருந்தது. எல்லோரும் ஆடலாம். 10 வயதில் அங்கே போனார். குதிரைக்குப் பதில் மட்டை கையில் வந்தது.

அங்கே வில்பர் ஃபோல்சம் என்ற பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்தார். மௌரீன் இடது கைப் பழக்கம் உள்ளவர். பெரிய வீராங்கனைகள் எல்லோரும் வலது கையால்தானே ஆடுகிறார்கள், நீயும் மாறிக்கொள் என்று அவர் சொல்ல, மௌரீனும் மாறினார். இடது கையால் எழுதும் நம் தோழிகளுக்குத் தெரியும், கையை மாற்றுவது எவ்வளவு சிரமம் என்று! அந்த மாற்றிய கையால்தான் பின்னால் உலகத்தையே ஜெயித்தார்.

குட்டி மோ

இரண்டாம் உலகப்போர் பாடத்தில் ஜப்பான் சரணடைந்ததைப் படித்திருக்கிறோம். 1945 செப்டம்பர் 2-ல் மிசௌரி என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில்தான் அந்தக் கையெழுத்து நடந்தது. அந்தக் கப்பலுக்குச் செல்லப்பெயர் பெரிய மோ. மௌரீன் அடிக்கும் பந்து அந்தக் கப்பலின் பீரங்கிக் குண்டு மாதிரி வருகிறது என்று சான் டியாகோ பத்திரிகை நிருபர் நெல்சன் ஃபிஷர் இவருக்குக் குட்டி மோ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

1949-ல் 18 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான அமெரிக்கப் பட்டத்தை ஜெயித்தார். அப்போது அவருக்கு 14 வயது. தன்னைவிடப் பெரிய அக்காமாரை எல்லாம் தோற்கடித்திருக்கிறார்!

16 வயதில் சாம்பியன்

டென்னிஸ் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒரு செட் ஜெயிக்க ஆறு கேம் எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் இரண்டு கேம் வித்தியாசமும் கட்டாயம் வேண்டும். பெண்கள் ஒற்றையர் ஆட்டத்தில் மூன்று செட்டில் இரண்டை எடுத்தவர் வெற்றி பெற்றவர்.

1951-ல் அமெரிக்கச் சாம்பியன் போட்டி. இறுதி ஆட்டத்தில் எதிரே ஷெர்லி ஃப்ரை. முதல் செட் 6-3 மௌரீனுக்கு. இரண்டாவது செட்டில் 1-6 என்று தோற்றார். மூன்றாவது செட்டை 6-4 என்று பிடித்தார். 17-வது பிறந்தநாள் வருவதற்குள் அமெரிக்கச் சாம்பியன்!

அப்போது அவருக்குப் பயிற்சி தந்தவர் எலினார் டென்னன்ட் அம்மையார். ரொம்பக் கண்டிப்பானவர். எதிரே ஆடுபவரை வெறுத்தால்தான் ஜெயிக்க முடியும் என்று சொல்லிக் கொடுத்தார். மௌரீன் சின்னப் பெண்தானே, அதை அப்படியே நம்பினார். பயமும் வெறுப்பும் தன்னை எப்படி ஆட்டி வைத்தன என்று பின்னால் தன் வாழ்க்கைக் கதையில் எழுதினார்.

1952-ல் இங்கிலாந்தில் விம்பிள்டன் போட்டி. மௌரீனுக்குத் தோளில் வலி. ஆட வேண்டாம், விலகிவிடு என்றார் டென்னன்ட். ஆடுவேன் என்றார் மௌரீன். இரண்டு பேரும் பிரிந்துவிட்டார்கள். அப்போது மௌரீனுக்கு 17 வயது. தூர தேசத்தில், குரு பக்கத்தில் இல்லாமல் ஆடினார். இறுதி ஆட்டத்தில் லூயிஸ் பிரௌவை 7-5, 6-3 என்று ஜெயித்தார்.

நான்கும் ஒரே வருடத்தில்

டென்னிஸில் நான்கு போட்டிகள்தான் மிகப் பெரியவை. ஆஸ்திரேலியா, பிரான்ஸ், விம்பிள்டன், அமெரிக்கா. நான்கையும் ஒரே வருடத்தில் ஜெயித்தால் கிராண்ட் ஸ்லாம். 1938-ல் டான் பட்ஜ் என்ற ஆண் வீரர் முதலில் செய்தார். பெண்களில் யாரும் செய்ததில்லை.

1953-ல் நெல் ஹாப்மன் என்ற ஆஸ்திரேலிய அம்மையார் மௌரீனுக்குத் துணையாக இருந்தார். அவர் வெறுப்பைச் சொல்லித் தரவில்லை. ஆஸ்திரேலியாவில் ஜூலியா சாம்சனை இறுதி ஆட்டத்தில் ஜெயித்தார் மௌரீன். அதே ஜூலியாவோடு ஜோடி சேர்ந்து இரட்டையர் பட்டத்தையும் வாங்கினார்! பிரான்ஸ், விம்பிள்டன், அமெரிக்கா மூன்றிலும் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் டோரிஸ் ஹார்ட். மூன்று தடவையும் மௌரீனே ஜெயித்தார். நான்கு போட்டியிலும் சேர்த்து அவர் இழந்தது ஒரே ஒரு செட்!

அவருக்குப் பிறகு மார்கரெட் கோர்ட் 1970-லும், ஸ்டெஃபி கிராஃப் 1988-லும் இதைச் செய்தார்கள். இன்றுவரை பெண்கள் ஒற்றையரில் இந்த மூன்று பேர்தான்.

இவ்வளவுக்கும் பரிசுப் பணம் எவ்வளவு தெரியுமா? ஒன்றும் இல்லை! அந்தக் காலத்தில் இந்தப் போட்டிகளில் அமெச்சூர் ஆட்டக்காரர்கள்தான் ஆடலாம். பணத்துக்காக ஆடினால் தொழில்முறை ஆட்டக்காரர் என்று சொல்லி விம்பிள்டனில் சேர்க்க மாட்டார்கள். ஆண்களுக்குக் கோப்பை, பெண்களுக்கு வெள்ளித் தட்டு. அவ்வளவுதான். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை எத்தனை நாள் அப்படி ஆட முடியும்? அதனால் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகலாம் என்று மௌரீன் யோசித்திருந்தார்.

அந்த நாள்

விம்பிள்டனில் ஜெயித்ததற்காக ஊர்க்காரர்கள் மௌரீனுக்கு ஒரு குதிரையைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். சின்ன வயது ஆசை கடைசியில் நிறைவேறியது. குதிரையின் பெயர் கர்னல் மெரிபாய்.

1954-ல் மூன்றாவது தடவையாக விம்பிள்டன் ஜெயித்து ஊர் திரும்பினார். மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 20 அன்று குதிரையில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கான்கிரீட் லாரி வந்தது. குதிரை மிரண்டது. மௌரீனின் வலது கால் லாரியில் மாட்டி நசுங்கியது. எலும்பு முறிந்து தசையும் கிழிந்தது.

மறுபடி ஆடலாம் என்று முயற்சி செய்தார். கால் பழைய மாதிரி ஆகவில்லை. 1955 பிப்ரவரியில் ஆட்டத்தை விடுவதாக அறிவித்தார். 1951 அமெரிக்கப் போட்டியிலிருந்து அவர் கலந்துகொண்ட ஒன்பது பெரிய ஒற்றையர் போட்டிகளிலும் அவர்தான் சாம்பியன். தோற்று வெளியே போகவில்லை. ஜெயித்துக்கொண்டே இருந்தவர் நின்றுபோனார்.

லாரிக்காரர்கள் மேல் வழக்கு நடந்தது. ஆட்டத்தில் ஒரு காசுகூட பரிசு வாங்காதவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று எப்படிக் கணக்குப் போடுவது? தொழில்முறை ஆட்டக்காரராகியிருந்தால் சம்பாதித்திருப்பாரே என்று பார்த்து 95,000 டாலர் தரச் சொன்னார்கள். 1957-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது.

பிறகு என்ன செய்தார்?

1955-ல் ஒலிம்பிக் குதிரையேற்ற வீரர் நார்மன் பிரிங்கரைத் திருமணம் செய்தார். இரண்டு பெண் குழந்தைகள். பத்திரிகைக்கு டென்னிஸ் செய்திகள் எழுதினார். பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். 1966-ல் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்போதும் சும்மா இருக்கவில்லை. 1968-ல் டல்லாஸ் நகரில் நான்சி ஜெஃபெட் என்ற தோழியோடு சேர்ந்து, சிறுவர் சிறுமியர் டென்னிஸ் ஆட உதவும் அறக்கட்டளையைத் தொடங்கினார். அதே 1968-ல்தான் விம்பிள்டனில் முதன்முதலாகப் பரிசுப் பணம் கொடுத்தார்கள். ஆண் சாம்பியனுக்கு 2,000 பவுண்டு, பெண் சாம்பியனுக்கு 750 பவுண்டு. அங்கே இரண்டும் சமமானது 2007-ல்தான்.

1969 ஜூன் 21-ல் மௌரீன் இறந்தார். 2019-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது.

சிந்திக்க!

லாரி வந்து மோதியதால் மௌரீன் ஆட்டத்தை விட்டார். நம்ம ஊரில் ஏழாம் வகுப்பு வரை கோ-கோ, வளையப்பந்து என்று ஓடி ஆடிய அக்காமார் பலர் அப்புறம் கிரவுண்டு பக்கமே வருவதில்லை. அவர்களை எந்த லாரியும் மோதவில்லையே! கால் நன்றாகத்தானே இருக்கிறது?

மௌரீன் ஆடத் தொடங்கியது பணக்காரர் கிளப்பில் இல்லை, எல்லோருக்கும் பொதுவான மைதானத்தில். நமக்கும் ஒரு மைதானம் இருக்கிறது. சாயங்காலம் மணி அடித்ததும் பையை எடுக்காமல் அரை மணி நேரம் வாங்க, ஆடலாம். வளையம் விளையாட்டு டீச்சரிடம் இருக்கிறது!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி